சிகாபுதீனின் மூச்சு

சிகாபுதீன் வெளியே விடும் மூச்சு தீப்பிடிக்கும். மட்டாஞ்சேரியில் இது முதலில் தெரியவந்தது பஜார் ரோடு சாயாக் கடையில், அவன் வடக்கிலிருந்து ஊர் திரும்பிய மறுநாள் காலை. பக்கத்து பெஞ்சில் இருந்த, மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளி ஒருவன் பீடி பற்றவைத்தான். அதே நேரம் சிகாபுதீன் சாயாவை ஆற்றுவதற்காக ஊதினான். டம்ளருக்கு மேலே நீல நிறத்தில் ஒரு நாக்கு எழுந்து, காற்றில் குறுக்கே ஓடி, சுமட்டுக்காரனின் மீசை, புருவம், முன்முடி மூன்றையும் வழித்தெடுத்து, கடை வாசலில் தொங்கிய சிப்ஸ் பாக்கெட் சரத்தைக் கருக்கிவிட்டு அணைந்தது. சிகாபுதீனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் சாயாவைக் குடித்து முடித்து, சுமட்டுக்காரனிடம் மன்னிக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தான். அங்கிருந்த ஒருவர் இதை போனில் படம் பிடித்திருந்தார். மத்தியானத்துக்குள் அந்தப் படம் காயலுக்கு அக்கரையில் வைப்பின் தீவுப் படகுத்துறை வரைக்கும் போய்விட்டது.

ரயிலில் இரண்டு பகல் போகவேண்டிய தூரத்தில், ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் அவனுக்கு வேலை. அங்கே அவனைச் சர்தார் என்பார்கள். ஷிப்டு தொடங்கும் முன் விளக்கோடு ஆட்களுக்கு முன்னால் தனியாக உள்ளே போவான். கூரையோரம் விளக்கைத் தூக்கிப் பிடித்து, சுடரின் தலையில் நீலமாக ஒரு தொப்பி கட்டுகிறதா என்று பார்ப்பான். கட்டினால் அங்கே எரியும் வாயு இருக்கிறது. வாயு இல்லையென்றால் வெளியே வந்து 'போகலாம்' என்பான். அவன் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் இறங்குவார்கள். பிப்ரவரியில் ஒரு நாள் போகலாம் என்று சொன்னான், போனார்கள், சுரங்கம் வெடித்தது. முதலில் தீ பாதை நெடுக ஓடியது. அது கிளப்பிய நிலக்கரித் தூள் அதற்குப் பின்னால் எரிந்தது. அதற்கும் பின்னால் விஷப்புகை வந்து, தீக்குத் தப்பி ஓடியவர்களை உட்கார்ந்த இடத்திலேயே கொன்றது. மீட்புக் குழுவினர் உடல்களைத் தொப்பி விளக்கின் எண்ணை வைத்து அடையாளம் கண்டார்கள். சிலருக்குத் தொப்பி வைத்திருந்த இடமே இல்லை. சரிந்த பாறைக்குப் பின்னால் ஒரு பொந்தில் சிகாபுதீன் மட்டும் உயிரோடு உட்கார்ந்திருந்தான். அந்தப் பொந்தில் மனிதன் சுவாசிக்கக்கூடிய காற்று ஒரு பிடி கூட இல்லை என்று கருவி காட்டியது. அத்தனை நேரமும் அவன் அந்த வாயுவைத்தான் இழுத்து விட்டுக்கொண்டிருந்தான், பிறகு அது அவனை விட்டுப் போகவில்லை. கம்பெனி ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளன் ஒருவன் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் சிகரெட் பற்றவைத்துக் கையைச் சுட்டுக்கொண்டபோது, டாக்டர் விவரம் கேட்டு, வாயுத் தொல்லைக்கு மாத்திரை எழுதிக்கொடுத்து ஊருக்கு அனுப்பினார்.

அவன் மனைவி சுலைஹா, பாலக்காட்டிலிருந்து வந்து பல தலைமுறையாக இங்கேயே தங்கிவிட்ட ராவுத்தர் குடும்பத்துப் பெண். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். சுக்குக் கிடங்கு ஒன்றில் தரம் பிரிக்கும் பெண்களுக்கு அவள் மேற்பார்வை. கலப்பு எங்கே இருந்தாலும் அவள் மூக்கிலிருந்து தப்பாது. சாயாக் கடை விஷயம் காதில் விழுந்ததும் அவள் அழவில்லை. கேஸ் அடுப்பைத் தூக்கி வெளியே வைத்து, இன்டக்ஷன் அடுப்பு வாங்கி வந்தாள். தச்சனைக் கூப்பிட்டு ஜன்னல் கதவுகளையெல்லாம் கழற்றச் சொன்னாள். ஹோட்டல்களில் வைக்கிற பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றைக் கூரைக்குக் கீழே பொருத்தி, அதன் சுவிட்சை யாரும் தொடக்கூடாது என்றாள். சாம்பிராணி நின்றது, கொசுவத்தி நின்றது. பள்ளிவாசலில் அவனுக்கு வாசலோரம், காற்று வெளியே போகும் பக்கமாக இடம் ஒதுக்கினார்கள். எதிர்வீட்டு மாடியில் இருந்த கமலாக்ஷி அம்மாள் சாயங்கால விளக்கு ஏற்றும் முன் எட்டிப் பார்த்து, "சிகாபு உள்ளயா, வெளியவா?" என்று கேட்பாள். வெளியே என்றால் காத்திருப்பாள். சிகாபுதீன், சுலைஹாவின் மகள் நௌரின் எறணாகுளத்தில் நர்ஸ். மழைக்கு முன்னால் காற்று நின்று புழுங்கும் நாட்களில் அப்பாவின் மூச்சு கனத்துவிடுகிறது என்று அவள்தான் கவனித்துச் சொன்னாள். சுரங்கத்திலும் அப்படித்தான் என்றான் சிகாபுதீன். மேலே வானம் தாழ்ந்தால் கீழே பாறை கூடுதலாக வாயுவைக் கக்கும்.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம் ரோஜா வந்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண். அவள் கணவன் இசக்கிமுத்து சிகாபுதீனின் ஷிப்டில் நிலக்கரி வெட்டியவன், அன்று இறந்தவர்களில் ஒருவன். சாயாக் கடைப் படம் சுற்றிச் சுற்றி அவள் போனுக்கும் போயிருந்தது. சந்துக்குள் நுழைந்தபோதே கையில் தீப்பெட்டி இருந்தது. சிகாபுதீன் வாசலுக்கு வந்தான். இசக்கிமுத்துவின் போனில் அவள் முகத்தைப் பார்த்திருந்ததால் தெரிந்துகொண்டான். அவள் குச்சியை உரசி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். காயலிலிருந்து வந்த காற்று அணைத்துவிட்டது. அடுத்த குச்சியும் அணைந்தது. அதற்கடுத்ததை அவள் உரசியபோது சிகாபுதீன் படியிறங்கி அவள் பக்கத்தில் வந்து, பீடி பற்றவைக்கிறவனுக்கு உதவுவதுபோல இரண்டு கையாலும் சுடரைக் காற்றுக்கு மறைத்துப் பிடித்து, குனிந்து, வாயைத் திறந்தான்.

சுலைஹா அப்போதுதான் கிடங்கிலிருந்து சாப்பிட வந்துகொண்டிருந்தாள். ஓடிவந்த வேகத்தில் தூக்குப்பாத்திரத்தால் ரோஜாவின் மணிக்கட்டில் அடித்தாள். குச்சி எகிறியது. மூவர் தலைக்கும் மேலே ஒரு நீலத் துணி விரித்துச் சுருட்டியதுபோல நெருப்பு போய்வந்தது. ரோஜாவின் முந்தானை பற்றிக்கொண்டது. சுலைஹா அதை இழுத்துக் கிழித்து எறிய, இருவரும் சந்தின் கருங்கல்லில் விழுந்து புரண்டார்கள். ரோஜா அவள் கையைக் கடித்தாள், பல் எலும்பு வரைக்கும் இறங்கியது.

"விடுடி என்னை! எம் புருசனுக்கு மூஞ்சி இல்ல. பெட்டியைத் தொறக்கக் கூடாதுன்னுட்டானுவ. யாரைப் பொதைச்சேன்னே எனக்குத் தெரியாது!"

"அதுக்கு இவரு என்ன செஞ்சாரு? இவரும் உள்ள கெடந்தவருதானே?"

"அவருகிட்டயே கேளு. முந்தின நாள் எம் புருசன் போன்ல சொன்னாரு. வாயு வந்தா கூவுற பெட்டி ஒண்ணு இருக்காம். அதைத் துணி சுத்தி மூடியாச்சு, இனி நிம்மதியா வேலை பாக்கலாம்னு சிரிச்சாரு. அவரு துண்டைத்தான் வாங்கிச் சுத்தியிருக்காரு உன் வீட்டுக்காரரு!"

சுலைஹா தரையில் கிடந்தபடியே கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"உள்ளதுதான்" என்றான் சிகாபுதீன்.

பிறகு நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னான், கீழே கிடந்த இரண்டு பெண்களுக்கும், ஜன்னல்களில் முளைத்திருந்த தலைகளுக்கும் சேர்த்து. அந்தப் பெட்டி அடிக்கடி கூவியது. கூவினால் வேலையை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் மேனேஜர் மேலே கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் அசிங்கமாகத் திட்டுவார். பெட்டியை மூடு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தச் சத்தம் இனி என் காதில் விழக்கூடாது என்றுதான் சொன்னார். நல்ல காற்றை உள்ளே திருப்பிவிடும் திரைத்துணியை வண்டி போவதற்காகக் கழற்றினார்கள். திரும்ப மாட்ட இரண்டு ஆள் வேண்டும், அந்த இரண்டு ஆளும் எப்போதும் வேறு வேலையில் இருந்தார்கள். தண்ணீர் இறைக்கும் பம்புக்குக் கரண்ட் போதவில்லை என்று, அவர்கள் வெட்டிய பக்கத்துக்குக் காற்று தரும் ஃபேனைக் கொஞ்ச நேரம் நிறுத்தப் பழகினார்கள். அறுந்த கேபிளை டேப் சுற்றி ஓட்டினார்கள். ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாத நாட்கள் சேரச் சேர, அதுதான் வழக்கம் என்று ஆனது. துண்டைக் கொடுத்த இசக்கிமுத்துவும் சிரித்துக்கொண்டேதான் கொடுத்தான். கடைசி நாள் காலையில் சுடரின் தலையில் தொப்பி கட்டியதை சிகாபுதீன் கண்ணால் பார்த்தான். முந்தின வாரமும் கட்டியது, ஒன்றும் ஆகவில்லையே என்று நினைத்தான். வெளியே வந்து போகலாம் என்றான். விசாரணைக்கு வந்த அதிகாரிகளிடம் பாறை திடீரென்று வாயுவைக் கக்கியது, யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்று சொல்லச் சொன்னார்கள். அவனும் அதையே சொன்னான்.

சுலைஹா எழுந்தாள். கீழே கிடந்த தூக்குப்பாத்திரத்தை எடுத்து அவனை அடித்தாள். தோளில், தலையில், வாயில். உதடு பிளந்து பல் ஒன்று விழுந்தது. அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. பாத்திரம் நசுங்கிப் பிடி கழன்ற பிறகு நிறுத்தினாள். ரோஜா சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சுலைஹா அவளை உள்ளே கூட்டிப்போய், வெந்த தோளுக்கு மருந்து போட்டு, தன் புடவை ஒன்றை உடுத்தக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு பல மாதம் சுலைஹா கணவனோடு பேசவில்லை. சோறு வைப்பாள், ஃபேன் ஓடுகிறதா என்று பார்ப்பாள், போய்விடுவாள். அவன் பகலெல்லாம் படகுத்துறையில் உட்கார்ந்து காயலைப் பார்த்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

இதை மாற்றியவன் சுலைஹாவின் தம்பி ஷானவாஸ். வீட்டுக்கு ஒட்டினாற்போல இருந்த பழைய கிடங்கில் அவனுக்குக் கல்யாணச் சமையல் தொழில். வாயாடி, எல்லோருக்கும் பிடித்தவன். அக்காவை லாத்தா என்று கூப்பிட்டுக்கொண்டு உள்ளே வந்தால் கேட்டதை வாங்காமல் போகமாட்டான். டிசம்பரில் ஒரு ஞாயிறு, இடக்கொச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் பிரியாணி ஏற்றியிருந்த நேரத்தில் சிலிண்டர் தீர்ந்தது. வரவேண்டிய வண்டி வரவில்லை. அரிசி பாதி வெந்து நின்றது. ஷானவாஸ் கிடங்குக்கும் வாசலுக்குமாக நாலு தடவை நடந்தான், பிறகு படகுத்துறைக்குப் போய் மச்சானைக் கையைப் பிடித்து அழைத்துவந்தான். நௌரின் கொண்டுவந்து வீட்டில் வைத்திருந்த நெபுலைசர் முகமூடியில் ரப்பர் குழாயைச் சொருகி, மறுமுனையை அடுப்பில் மாட்டினார்கள். கதவுகளை அகலத் திறந்து வைத்து, மணல் வாளிகளோடு ஆட்களை நிறுத்தி, சுலைஹா வீட்டு ஃபேனைப்போல இன்னொன்றை வாடகைக்கு எடுத்து ஓடவிட்டார்கள். சிகாபுதீன் மூச்சு விட்டான். அடுப்பு நீலமாக, சத்தமில்லாமல், பாத்திரத்தின் அடி கருக்காமல் எரிந்தது. சுலைஹா தடுக்கத்தான் ஓடிவந்தாள். முகமூடிக்கு மேலே அவன் கண்களைப் பார்த்தாள். ஊர் திரும்பியதிலிருந்து அவள் காணாத ஒரு வெளிச்சம் அவற்றில் இருந்தது.

"இந்த மூச்சு எதுக்காவது ஆகட்டுமே, சுலைஹா" என்றான் அவன் அன்று சாயங்காலம். அவள் அவனோடு மறுபடி பேச ஆரம்பித்தது அன்றுதான். ஆனால் கண்டிஷன் போட்டாள். ஃபேன் ஓட வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும். வாயு வந்தால் கூவும் பெட்டி ஒன்று கூரையில் வேண்டும். காற்று நின்ற நாளில் அடுப்பு கிடையாது. ஷானவாஸ் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தான்.

பிரியாணி பெயர் வாங்கியது. தோப்பும்படியிலிருந்தும் திருப்பூணித்துறையிலிருந்தும் ஆள் வந்தார்கள். ஷானவாஸ் சிலிண்டர் எடுப்பதையே விட்டுவிட்டான். முதலில் போனது கதவு: பூனை நுழைகிறது, ரோட்டுத் தூசி விழுகிறது என்று பாதி சாத்தினார்கள், பிறகு முழுக்கச் சாத்தினார்கள். பெட்டி வெங்காயம் வதக்கினாலும் கூவியது. அதைக் கழற்றி அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவைத்தான் ஷானவாஸ். அரிசிக்குள்ளிருந்து அது கோழிக்குஞ்சு போல முனகுவதைக் கேட்டுச் சமையல்காரர்கள் சிரித்தார்கள். காற்று நின்ற நாளா என்று பார்த்துக் கல்யாணத் தேதி குறிப்பவர் யாருமில்லை, ஆகவே அந்த விதியும் போனது. இடையில் ஒருமுறை தலைமைச் சமையல்காரரின் கைமயிர் பொசுங்கியது. இன்னொருமுறை ஓடு ஒன்று மேலே எகிறி கமலாக்ஷி அம்மாளின் மாடியில் போய் விழுந்தது. அவள் அதைக் கொண்டுவந்து கொடுத்து, "ஒண்ணும் ஆகலையே?" என்றாள். "குழப்பமில்ல" என்றார்கள். பிரச்சினை இல்லை என்பதற்கு அந்த ஊரில் சொல்லும் சொல் அது. சுலைஹாவும் சொன்னாள். டிரம்முக்குள் பெட்டி கிடப்பது அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தபடி சுக்குக் கிடங்குக்கு வேலைக்குப் போவாள், திரும்பும்போது களைத்திருப்பாள். ஒன்றும் ஆகாமல் இன்னொரு நாள் போயிருக்கும்.

ஜூன் முதல் வாரம் நௌரினுக்கு நிக்காஹ். சமையல் ஷானவாஸ் கையில், அதுவும் அவன் அக்கா மகளுக்கு. இடவப்பாதி என்று அங்கே சொல்லும் பருவமழை வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கடலில் நின்றிருந்தது. வானம் கூரைவரை இறங்கி, காயலில் ஒரு சுருக்கம் கூட இல்லாமல், காக்கைகள் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்த முற்பகல். மாப்பிள்ளை வீட்டார் வாட்டர் மெட்ரோப் படகில் வந்து இறங்கிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. கிடங்கில் அண்டா அளவுக்குப் பெரிய மூன்று பிரியாணிச் செம்புகள் அடுப்பில் இருந்தன. பந்தல்காரன் சீரியல் லைட்டுக்கும் கூலருக்கும் கிடங்கிலிருந்தே ஒயர் இழுத்திருந்தான், அதனால் அடிக்கடி ட்ரிப் ஆகி மொத்தக் கரண்டும் போய்ப் போய் வந்தது. விடியுமுன்பே எழுந்த சுலைஹா நடைவழியில் பாயசப் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தாள். சுவிட்ச் போர்டு அவள் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது.

"லாத்தா, அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துங்க. லோடு தாங்கல. மாப்பிள்ளை உக்காரும்போது லைட்டு போனா மானம் போயிரும்."

"எவ்வளவு நேரம்டா?"

"தம் போடுற வரைக்கும். அஞ்சு நிமிஷம்."

அவள் நிறுத்தினாள். ஃபேனின் இரைச்சல் நின்றபோது, அது அவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. உள்ளே முகமூடியோடு உட்கார்ந்திருந்த சிகாபுதீன் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தான். நடுச் செம்பின் அடுப்புச் சுடர் நீண்டு, தலையில் நீலமாக ஒன்று கட்டி, அந்த நீலம் உத்தரத்தைத் தொட்டு இரண்டு பக்கமும் மெல்ல நகர்ந்தது. முகமூடியை இறக்கினான். "ஷானவாஸ், ஃபேன்..." என்றான். "அஞ்சு நிமிஷம் மச்சான்" என்றான் ஷானவாஸ் திரும்பிப் பாராமல். வாசலில் மாப்பிள்ளையின் அப்பா வந்து நின்று சிரித்தபடி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டில், சம்பந்தியின் முன்னால், கூச்சல் போட்டு எல்லோரையும் வெளியே ஓடச் சொல்வது சிகாபுதீனுக்குக் கூச்சமாக இருந்தது. முகமூடியை மறுபடி மாட்டிக்கொண்டான்.

கிடங்கு முதலில் உள்ளிழுத்தது, பிறகு வெடித்தது. கூரை முழுதாக எழும்பி, ஓடுகளாகப் பிரிந்து, அந்தச் சந்தின் எல்லா வீடுகள் மேலும் விழுந்தது. சாத்தியிருந்த மரக்கதவு பறந்துபோய் மாப்பிள்ளையின் அப்பாவைச் சுவரோடு சேர்த்து நசுக்கியது. கொதித்துக்கொண்டிருந்த செம்பு கவிழ்ந்து, வெங்காயம் நறுக்க வந்த இரண்டு பெண்களை இடுப்புவரை வேகவைத்தது. அவர்கள் ஆஸ்பத்திரி போகும்வரை பேசிக்கொண்டே இருந்தார்கள், போய்ச் சேர்ந்ததும் இறந்தார்கள். தலைமைச் சமையல்காரரைக் கரண்டியை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். ஷானவாஸ் எரிந்தபடியே சந்துக்கு ஓடிவந்தான். சட்டையும் தோலும் ஒன்றாகத் தொங்கின. எதிர்வீட்டு வாசலில் இருந்த தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி ஓடி, திரும்பி வந்து, அதன் விளிம்பில் கையை வைத்து நின்றான்; "லாத்தா, லைட்டு போயிடுச்சா?" என்று கேட்டுவிட்டு மடங்கி விழுந்தான். மணப்பெண் அலங்காரத்தில் மாடியில் இருந்த நௌரினின் கன்னத்தைக் கண்ணாடித் துண்டு ஒன்று காதுவரை திறந்தது. அவள் ஒரு கையால் அதைப் பொத்திக்கொண்டு இறங்கிவந்து, மறு கையால் கிடைத்தவர்களுக்கெல்லாம் ரத்தத்தை நிறுத்தப் பார்த்தாள். சுலைஹாவைச் சுவர் காப்பாற்றியது. ஒரு காது போயிற்று, முதுகு வெந்தது. கிடங்கு இருந்த இடத்தின் நடுவில், கருகிய அரிசி மேலே பெய்துகொண்டிருக்க, சிகாபுதீன் கண்ணிமை மட்டும் பொசுங்கி முழுசாக உட்கார்ந்திருந்தான்.

இரண்டு நாளில் சந்து முழுவதும் ஒரே பேச்சாகிவிட்டது. சிலிண்டர் கசிந்தது. கமலாக்ஷி அம்மாள் அப்படித்தான் சொன்னாள், பந்தல்காரன் சொன்னான், பள்ளிவாசல் ஆட்கள் சொன்னார்கள். யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை; உயிரோடு இருப்பவர்களையாவது வழக்கில்லாமல் விட்டுவைக்கலாம் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக நினைத்தார்கள். சிகாபுதீனும் சிலிண்டர் என்றான். சப் இன்ஸ்பெக்டர் ஸ்ரீநாத் திருப்பூணித்துறைத் தமிழ்க் குடும்பத்துப் பையன். ஆஸ்பத்திரியில் குப்புறப் படுத்திருந்த சுலைஹாவிடம் வீட்டுத் தமிழிலேயே பேசினார்.

"சிலிண்டர்தான்னு எல்லாரும் சொல்லிட்டா அம்மா. நீங்களும் அதைத்தானே சொல்றேள்?"

"அங்க சிலிண்டரே இல்ல சார். மாசக்கணக்கா இல்ல."

"பின்ன வாயு எங்கேர்ந்து வந்தது?"

"அவரு மூச்சுலேர்ந்து."

ஸ்ரீநாத் ஜன்னலோரம் நின்ற சிகாபுதீனைப் பார்த்தார். சாயாக் கடைப் படம் அவரும் பார்த்ததுதான். "அதை நான் எப்படி எழுதறது? கோர்ட்ல சிரிப்பா" என்றார்.

"வாயு எங்கேர்ந்து வந்துச்சுன்னு நீங்க என்ன வேணும்னாலும் எழுதிக்கோங்க. ஃபேனை நிறுத்தினது யாருன்னு மட்டும் சரியா எழுதணும். நான் நிறுத்தினேன். எந்தம்பி கேட்டான், நிறுத்தினேன். கூவுற பெட்டியை அரிசி டிரம்முல போட்டது அவன். அது அங்க கெடக்குன்னு எனக்குத் தெரியும். கதவு சாத்தியிருந்துச்சு. காத்து இல்லாத நாள். எல்லாம் தெரியும் சார் எனக்கு."

"சுலைஹா, மதி, போதும்" என்றான் சிகாபுதீன்.

"மதியா?" அவள் தலையைத் திருப்ப முடியாமல் தரையைப் பார்த்தே பேசினாள். "அங்க பாறை கக்கிச்சுன்னு சொன்னீங்க. இங்க சிலிண்டர்ங்கிறீங்க. எந்தம்பி என் கண்ணு முன்னால வெந்தான். பாறையா வேகவச்சுது?"

சிகாபுதீன் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். அவன் அழுதபோது பக்கத்துக் கட்டிலின் ஆக்ஸிஜன் குழாயை நர்ஸ் ஓடிவந்து தள்ளி நகர்த்தினாள். "நான் பார்த்தேன் சார்" என்றான். "மேல நீலமா ஓடுறதைப் பார்த்தேன். சம்பந்தி நிக்கிறாரேன்னு வாயை மூடிக்கிட்டேன். அங்கயும் பார்த்தேன். அங்கயும் போகலாம்னு சொன்னேன்."

ஸ்ரீநாத் எழுதினார். மூச்சு என்ற இடத்தில் எரிவாயு என்று போட்டார். மற்றதெல்லாம் அவர்கள் சொன்னபடியே இருந்தது.

சுலைஹா மேல் வழக்கு வந்தது, சிகாபுதீன் மேலும் வந்தது. சந்தில் பாதிப்பேர் அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள். இறந்த பெண்களில் ஒருத்தியின் மகன் சுக்குக் கிடங்கு வாசலில் அவள் முகத்தில் துப்பினான். துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். நௌரினின் நிக்காஹ் ஆவணியில், பள்ளிவாசலில், பேரீச்சம்பழம் மட்டும் கொடுத்து நடந்தது. அப்பாவை இழந்த மாப்பிள்ளை அவளை மட்டும் அழைத்துக்கொண்டு போனான். அவள் அம்மாவோடு பேச இன்னொரு மழைக்காலம் ஆயிற்று. அந்த இடைவெளியில் சுலைஹா தென்காசிக்கு போன் போட்டாள். ரோஜா வந்தாள். சுரங்க வெடிப்பைப் பற்றித் திரும்ப வாக்குமூலம் கொடுப்பதற்காக இரண்டு பெண்களும் சிகாபுதீனை நடுவில் உட்காரவைத்து, அன்ரிசர்வ்டு பெட்டியில் ஜன்னலெல்லாம் திறந்துவைத்து, பீடி எடுத்தவர்களையெல்லாம் திட்டிக்கொண்டே வடக்கே போனார்கள். துண்டைப் பற்றியும், கழற்றிய திரையைப் பற்றியும், தான் கண்ட நீலத்தொப்பியைப் பற்றியும் அவன் ஒன்றுவிடாமல் சொன்னான். மேனேஜர் தான் எந்த உத்தரவும் போடவில்லை என்றார். அது உண்மைதான் என்று சிகாபுதீன் ஒப்புக்கொண்டான். அவர் சொன்ன அந்த ஒற்றை வாக்கியத்தை அப்படியே அவர் குரலில் சொல்லிக்காட்டினான். விசாரணை அறையில் இருந்த பழைய தொழிலாளிகள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். ரோஜா மட்டும் வெளியே போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். சுலைஹா அவள் நெற்றிக்கும் சுவருக்கும் நடுவில் தன் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அந்த விசாரணை இன்னும் முடியவில்லை.

வழக்குகளுக்கு நடுவில் சிகாபுதீன் படகுத்துறையில்தான் இருக்கிறான். கிழக்குக் காற்றடித்தால் மேற்குக் கோடியிலும், மேற்குக் காற்றடித்தால் கிழக்குக் கோடியிலும் உட்காருவான். படகுக்கு நிற்பவர்கள் அவன் இருக்கும் பக்கம் பார்த்து சிகரெட்டைத் திரும்பப் பாக்கெட்டில் வைப்பார்கள். வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், அந்த ஆளுடைய மூச்சு எரியும் என்று, படகு எத்தனை மணிக்கு என்பதைச் சொல்கிற அதே குரலில் சொல்வார்கள். கிடங்கு இருந்த இடம் காலியாகவே கிடக்கிறது. சந்தில் சுலைஹாவோடு பேசாதவர்கள் இன்றும் உண்டு. ஆனால் வானம் இறங்கிக் காயல் அசையாமல் கிடக்கும் நாட்களில் அவள் வீடு வீடாக வாசலில் வந்து நின்று, "இன்னிக்கு வேண்டாம்" என்கிறாள். அவளோடு பேசாதவர்களும் எழுந்துபோய் அடுப்பை அணைக்கிறார்கள். அவலும் பழமும் தின்றுகொண்டு எல்லோரும் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். போன வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் இருந்தார்கள். நாலு மணிவாக்கில் வைப்பின் பக்கமிருந்து காற்று கிளம்பி, காயலில் சுருக்கம் விழுந்து, முதல் தூறல் விழுந்தது. கமலாக்ஷி அம்மாள் மாடியிலிருந்து கையை நீட்டிப் பார்த்து, "வந்துடுத்து" என்றாள். ஒவ்வொரு வீடாக அடுப்பை ஏற்றினார்கள்.